ஈஸ்டர்ன் ரெட் சீடரை போன்சாயாக வளர்க்கலாமா? தண்டைப் பார்த்து முடிவெடுங்கள்

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறை இடுக்கிலோ மேய்ச்சல் நிலத்திலோ பல வருடம் அடிபட்டு வளர்ந்த பழைய தண்டு கிடைத்தால், கட்டாயம் வளர்க்கலாம். விரல் கனத்துக் கன்றிலிருந்து தொடங்குவதாக இருந்தால் வேண்டாம். அந்த உழைப்பை ஷிம்பாக்கு என்ற, செதில் இலை நெருக்கமாக வளரும் ஜப்பானிய ஜூனிப்பரில் போடுங்கள், இலை அழகு சீக்கிரமே கைக்கு வரும்.

பெயரில் சீடர் (தேவதாரு) இருந்தாலும் இது ஜூனிப்பர் என்ற ஊசியிலை மர இனம், ஜூனிபெரஸ் வெர்ஜினியானா. ஜூனிப்பருக்குச் சொல்லும் பராமரிப்பெல்லாம் இதற்கும் பொருந்தும். கனடாவின் தென்கிழக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை, அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுக்க தானாக முளைக்கும் மரம். ஓக்லஹோமா, கான்சஸ், நெப்ராஸ்கா புல்வெளிகளில் இது பரவுவதைத் தடுக்கப் பண்ணைக்காரர்கள் வெட்டுகிறார்கள், திட்டமிட்டுத் தீயும் வைக்கிறார்கள். "ஒரு மரம் தோண்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டால், பத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஆனால் கேட்டுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். மாநிலப் பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட நிலங்களிலும் கை வைக்கவே கூடாது.

எந்த மரத்தை எடுப்பது

நான் தேடுவது மிசௌரியின் ஓசார்க் மலைப்பக்கம், சுண்ணாம்புப் பாறை மேலே மண் மெல்லிசாகப் படிந்திருக்கும் இடங்களில். அங்கே மரம் உயரமாகப் போகாது, தண்டு முறுக்கிக்கொண்டு தடித்திருக்கும். வேரும் ஆழமாக இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கிடக்கும். அடுத்தபடி, வருடாவருடம் புல்வெட்டும் இயந்திரம் தலையைச் சீவிவிட்ட மேய்ச்சல் நில மரங்கள்.

தண்டு பிடித்துவிட்டதா? உடனே மண்வெட்டியை எடுக்காதீர்கள். இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, தண்டுக்குப் பக்கத்திலேயே பச்சை இருக்கிறதா. இந்த மரத்தில் பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து புதுத் துளிர் வராது. கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் மரம் செத்துப்போகும். பண்ணைக்காரர்கள் இதை ஒழிப்பதே அப்படித்தான். நமக்கும் அதே விதிதான். உள்ளே மொட்டையாகி, பச்சையெல்லாம் நுனியில் மட்டும் இருக்கும் மரம் எவ்வளவு நல்ல தண்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். (ஒட்டுக்கட்டும் எண்ணம் இருந்தால் கதை வேறு, கீழே வருகிறேன்.)

இரண்டு, இலை. ரெட் சீடருக்கு இரண்டு வகை இலை உண்டு. இளம் பருவத்தில் குத்தும் ஊசி இலை, முதிர்ந்த பிறகு கிளையோடு ஒட்டிய செதில் இலை. மரத்துக்கு மரம் இதில் வித்தியாசம் அதிகம். ஒன்று பரட்டையாக இருக்கும், பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றின் செதில் மெல்லிசாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். தண்டு சமமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள்.

தோண்டி எடுப்பது

குளிர்காலம் முடிந்து, புதுத் துளிர் கிளம்புவதற்கு முன். எங்கள் பக்கம் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. தண்டைச் சுற்றி வட்டமாக வெட்டி, மெல்லிய வேர்கள் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் சேர்த்து எடுக்க வேண்டும். வேருக்குப் பேட்டரி ரம்பம்தான் என் விருப்பம். பாறைக்கு நடுவே கோடாரி வீசினால் வேர்க்கட்டு ஆடி, மண் உதிர்ந்துவிடும். ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மண் முழுவதையும் கழுவி எடுக்க வேண்டாம். ஜூனிப்பருக்கு அது ஆகாது. ஓரங்களில் மட்டும் மண்ணைத் தளர்த்திவிட்டு, நடுவில் இருக்கும் வேர்க்கட்டை அப்படியே விடுங்கள், மீதியை அடுத்த மண் மாற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். வேர்க்கட்டுக்கு ஏற்ற அளவில் மரப்பெட்டி அடித்து, பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) நிரப்புங்கள். போன்சாய் தொட்டி இப்போதைக்கு வேண்டாம். அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணைக்கும் இந்தக் கட்டத்தில் செலவழிக்க வேண்டியதில்லை.

தண்டைப் பெட்டியோடு கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் வேர்முனைகள் ஒடிந்துகொண்டே இருக்கும். தோண்டி எடுத்த மரங்கள் பிழைக்காமல் போக இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கிளைகளையும் குறைக்காதீர்கள். வேர் வளர்வதற்கான சக்தி அந்த இலைகளிலிருந்துதான் வர வேண்டும்.

பச்சையும் பழுப்பும்: இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள்

செத்துப்போன ஜூனிப்பர் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். "ஏப்ரலில் தோண்டினேன், ஜூலையிலும் பச்சையாக இருக்கிறது, பிழைத்துவிட்டது" என்று கிளைகளை வளைக்கக் கம்பி சுற்ற ஆரம்பிக்காதீர்கள். நிறம் சாட்சி இல்லை, வளர்ச்சிதான் சாட்சி. கிளை நுனியில் வெளிர்பச்சையாகப் புதிதாக நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தடவினால் இலை மெத்தென்று இருக்க வேண்டும், காய்ந்த வைக்கோல் போலச் சொரசொரத்தால் காரியம் கெட்டுவிட்டது.

குளிர்காலத்தில் இதற்கு நேரெதிர். நல்ல ஆரோக்கியமான ரெட் சீடர்கூட டிசம்பரில் பழுப்பாக, சிலது ஊதா கலந்த பழுப்பாக மாறும். அது நோய் இல்லை, குளிருக்கு மரம் செய்யும் ஏற்பாடு. வசந்தத்தில் பச்சை திரும்பும். பயந்துபோய் வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் உண்மையில் மரத்தைக் கெடுக்கும். இதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். வெளியே தரையில் இறக்கி, பெட்டியைச் சுற்றி மரத்தூளோ உதிர்ந்த இலையோ குவித்தால் போதும்.

முதல் இரண்டு வருடம் முழு வெயில், தண்ணீர், துளிர் கிளம்பிய பிறகு கொஞ்சம் உரம். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

கவாத்து: இந்த மரத்தின் பெரிய சிக்கல்

ரெட் சீடருக்குப் போன்சாய் உலகில் நல்ல பெயர் இல்லாததற்குக் காரணம் இந்த ஒரு இடம்தான். அதிகமாக வெட்டினால் மரம் மறுபடி ஊசி இலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு நாள் காத்து வளர்த்த செதில் இலை போய், குத்துகிற பரட்டைத் தலை வந்துவிடும். அது மறுபடி செதிலாக வருடங்கள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இன்னொரு முறை வெட்டினால் பழையபடி ஊசிதான். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டுதான் பலர் "இது லாயக்கில்லாத மரம்" என்று முடிவுகட்டுகிறார்கள்.

வழி இதுதான். நுனிகளை நகத்தால் கிள்ளாதீர்கள். வேலிச்செடி வெட்டுவது போல மேலோட்டமாகச் சீவவும் கூடாது. கூர்நுனிக் கத்திரியை எடுத்து, நீண்டுபோன தளிரை மட்டும், அது பிரியும் கணுவரை உள்ளே போய் வெட்டுங்கள். சுற்றியுள்ள குட்டை நுனிகள் அப்படியே இருக்கட்டும். ஒரு தடவையில் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அந்த வருடம் மண்ணும் மாற்றியிருந்தால் கத்திரியைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் ஷிம்பாக்குவின் நெருக்கம் வராது. அதனால் மரத்தைப் பெரிதாகவே வையுங்கள். 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த ரெட் சீடரில் இலை தண்டை விழுங்கிவிடும். கையடக்க மரம் வேண்டுமென்றால் இது உங்களுக்கான இனம் இல்லை.

இன்னொரு வழி: ஒட்டுக்கட்டுதல்

தண்டு ரெட் சீடர், இலை ஷிம்பாக்கு. அனுபவசாலிகள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். புதியவர்களுக்கு நெருக்கு ஒட்டு நல்லது. சின்னத் தொட்டியில் இருக்கும் ஷிம்பாக்குக் கன்றைப் பக்கத்தில் கட்டி வைத்து, தண்டில் ஒரு பள்ளம் வெட்டி, கன்றின் பட்டையையும் அந்த அளவுக்குச் சீவி உள்ளே அழுத்திக் கட்ட வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் படலங்கள் இரண்டும் ஒன்றோடொன்று தொட்டால்தான் ஒட்டும். கன்று தன் வேரிலேயே வாழ்வதால் ஒட்டு பிடிக்கும்வரை காத்திருக்கலாம், அவசரம் இல்லை.

பள்ளம் வெட்டும் இடம் உயிருள்ள நரம்பில் இருக்க வேண்டும். ஜூனிப்பரில் ஒரு வேர் குறிப்பிட்ட கிளைகளுக்குத்தான் தண்ணீர் அனுப்பும், அந்தப் பாதை தண்டில் புடைத்துத் தெரியும். காய்ந்த பக்கத்தில் ஒட்டினால் பிடிக்காது. பெட்டியில் நன்றாக வேரூன்றிய மரத்தில் மட்டும் செய்யுங்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் சொந்த இலையோடு இருக்கும் ரெட் சீடர்தான் பிடிக்கும். இந்த நிலத்து மரம் இந்த நிலத்து மரமாகத் தெரிய வேண்டும். ஒட்டுக்கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, மொட்டையாகிப்போன அருமையான தண்டைக் காப்பாற்ற அதுவே வழி.

காய்ந்த கட்டை வேலை

இந்த மரத்தை விடாமல் வளர்க்கச் சொல்வதற்கு என் முதல் காரணம் இதுதான். ரெட் சீடரின் வைரம் (தண்டின் உள்மரம்) சிவப்பு, மணம் நிறைந்தது, எளிதில் உளுக்காது. வேலிக்கம்பத்துக்கும் துணிப்பெட்டிக்கும் இதைத் தேடுவது அதனால்தான். ஒருகாலத்தில் பென்சிலும் இதில்தான் செய்தார்கள். ஜின் (பட்டை உரித்த காய்ந்த கிளை), ஷாரி (தண்டில் பட்டை உரித்த காய்ந்த பகுதி) செதுக்கினால் பல வருடம் நிற்கும். மேலே இருக்கும் வெள்ளை மரம் மட்டும் உளுத்துவிடும், அதைச் சிவப்பு தெரியும்வரை எடுத்துவிடுங்கள். மின்கருவியைவிடக் கையுளி நல்லது. நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பிளந்து இழுத்தால் இயற்கையாக இருக்கும். வெயிலில் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். கட்டையைக் காக்க லைம் சல்ஃபர் (சுண்ணாம்பு-கந்தகக் கரைசல்) பூசும்போது கண்ணாடி, கையுறை போட்டு வெளியில் வைத்துப் பூசுங்கள், நாற்றம் தாங்காது.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

கிளையில் பழுப்பு உருண்டை இருக்கிறது, மழையில் ஆரஞ்சு நிறக் கொழகொழக் கொம்புகள் முளைத்தன என்று ஒருவர் கேட்டிருந்தார். அது சீடர்-ஆப்பிள் துரு நோய். பூஞ்சை தன் வாழ்க்கையில் பாதியை ஆப்பிள் மரத்தில் கழிக்கும். சீடருக்குப் பெரிய கேடு இல்லை, குளிர்காலத்திலேயே உருண்டைகளைக் கிளையோடு வெட்டி எடுங்கள். தோட்டத்தில் ஆப்பிள் இருந்தால்தான் கவலை.

கம்பி சுற்றிக் கை முழுக்கத் தடித்துவிட்டது என்றார் இன்னொருவர். ஊசி இலை சிலருக்கு அப்படிச் செய்யும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலும் மதுரையிலும் இருந்து கேட்டவர்களுக்கு: அங்கே குளிர் கிடையாது, இந்த மரத்துக்கு ஓய்வு கிடைக்காது, வரவழைக்க முயல வேண்டாம். வயல் வரப்பில் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன புளியும் கொடுக்காப்புளியும் இருந்தால், இங்கே சொன்ன இரண்டு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நிலத்துக்காரரிடம் கேளுங்கள், பெட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். அவை வெட்டிய இடத்தில் தாராளமாகத் துளிர்க்கும் என்பதால் கவாத்துக்கு நான் சொன்ன கட்டுப்பாடு எதுவும் அவற்றுக்குத் தேவையில்லை.