கிளிசரால் இருந்தால் மட்டும் கொல்லும் சேர்மம்

எச்37ஆர்வி என்னும் ஆய்வகக் காசநோய்க் கிருமி மீது 96 குழித் தட்டில் ரெசசூரின் சோதனை: கிருமி வளர்ந்தால் நீலச் சாயம் இளஞ்சிவப்பாகும், வளராவிட்டால் நீலமாகவே நிற்கும். ஒரு சேர்மம் 1 மைக்ரோகிராம்/மி.லி. அளவிலேயே குழியை நீலமாக நிறுத்தியது. ஆனால் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்லுக்குள் இருக்கும் கிருமி மீது, பத்து மடங்கு கூட்டியும் பலனில்லை.

செல்லுக்குள் நுழையவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். நிறைநிறமாலையில் உள்ளே தெரிந்தது. புதிதாக எடைபோட்டுக் கரைத்தும், கரைப்பானான டிஎம்எஸ்ஓவை 1 சதவீதத்துக்குக் கீழே வைத்தும் மாற்றமில்லை.

காரணம் 7எச்9 என்னும் வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் 0.2% கிளிசரால். சில சேர்மங்கள் இருக்கும்போது கிருமி கிளிசராலைச் சிதைத்தால் கிளிசரால் பாஸ்பேட் தேங்கி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சரிகிறது. எலியில் பயனற்றுப்போன பிரிமிடின்-இமிடசோல் வகை பற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. நோயின்போது கிருமி கிளிசராலை நம்பி வாழ்வதில்லை.

கிளிசராலை விட்டுவிட்டேன், ஊடகத்தில் சேர்க்கும் ஏடிசி கலவையில் உள்ள டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை போதும். அப்போதும் சேர்மம் கொன்றது! பலர் தவறவிடும் இடம் இதுதான்: கிருமியை உறையவைத்துச் சேமித்த இருப்பில் 15% கிளிசரால். நூறு மடங்கு நீர்த்தாலும் 0.15% மிஞ்சும். மையவிலக்கியின் மூடிய ரோட்டரில் சுழற்றி, கிருமி திரளாமல் தடுக்கும் ட்வீன் 80-ஐ 0.05% கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, கிளிசரால் இல்லாத ஊடகத்தில் மறுபடி வளர்த்த பிறகே தட்டில் போட்டேன். சேர்மக் குழிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகின. காசநோய் மருந்தான ஐசோனியசிட் இட்ட குழிகள் மட்டும் முன்போலவே நீலம், ஆகவே ஊடகத்தில் குறையில்லை. அப்பாடா!

இப்போது தேறும் ஒவ்வொரு சேர்மத்தையும் இரு ஊடகத்திலும் ஒரே நாளில் சோதிக்கிறேன். குறைந்தபட்சத் தடுப்பளவு எட்டு மடங்குக்கு மேல் விலகினால், அதை அங்கேயே ஒதுக்கிவிடுகிறேன்.