“ஐயோ, பாவம்” என்று சொல்லவைக்கும் வில்லன்: பிள்ளைகளோடு படம் பார்க்கிறவர்களுக்கு

‘பாவம்’ என்கிற சொல்லை நாம் இரண்டு விதமாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். கொலையும் களவும் பாவம்; மழையில் நனைந்துகொண்டு நிற்கிற பிள்ளையைக் கண்டாலும் “பாவம்” என்கிறோம். இப்போது வருகிற படங்களும் தொடர்களும் இந்த இரண்டு பொருளையும் ஒரே ஆளின்மேல் ஏற்றிவிடுகின்றன. வில்லன் சிறுவயதில் பட்ட அடியும், அவனுடைய தாய்க்கு நேர்ந்த அவமானமும், ஏமாற்றிப் பறிக்கப்பட்ட காணியும் முதலில் காட்டப்படுகின்றன. அதற்குப் பிறகுதான் அவன் கையில் கத்தி வருகிறது. அவன் சாகும்போது பிள்ளைகள் அழுகிறார்கள், அவன் கொன்றவர்களுக்காக ஒருவரும் அழுவதில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பல வருடங்களாக ஞாயிறு பாடசாலையும் வாலிபர் ஐக்கியமும் நடத்திவருகிற நான், இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு எப்படிப் பார்க்கலாம், பார்த்த பிறகு என்ன பேசலாம் என்பதைப் பெற்றோருக்கும் மற்றச் சபைகளின் வாலிபர் தலைவர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலாவது, பிள்ளையின் இரக்கத்தைக் கண்டிக்காதீர்கள். “கெட்டவனுக்காக ஏன் அழுகிறாய்?” என்று கேட்டுவிட்டால் அன்றோடு பேச்சு முடிந்துவிடும். அநியாயம் செய்யப்பட்டவன் திருப்பி அடிக்கிற கதை மலையகத்துப் பிள்ளைக்கு அந்நியமான கதை அல்ல. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. சம்பளத்துக்காக நாம் கேட்டுக்கொண்டே இருப்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒவ்வொரு லயத்துக்கும் தெரியும். கூலியை அநியாயமாய்ப் பிடித்துக்கொண்டவர்களைப் பற்றி யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் சொல்லும்போது, பிடிக்கப்பட்ட அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் சொல்கிறது. ஆகவே வில்லனுடைய காயத்தைக் கண்டு பிள்ளை கலங்கினால், தேவன் காது கொடுத்துக் கேட்கிற ஒன்றைத்தான் அந்தப் பிள்ளையும் கேட்டிருக்கிறது. அதை முதலில் வாய்விட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

படத்தை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இத்தகைய படங்கள் இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நன்மை இது, தீமை இது என்று தெளிவாகக் காட்டுகிற கதைகள் அவர்களுக்குப் போதும்.

பார்த்து முடித்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி வில்லனைப் பற்றியது அல்ல. அவன் கையால் செத்தவர்களைப் பற்றியது. ஒருமுறை எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், “அவனுக்கு வேற வழியே இல்ல, டீச்சர்” என்று உறுதியாகச் சொன்னான். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, வில்லன் கையால் செத்தவர்களுடைய பெயர்களை எழுதச் சொன்னேன். ஒரு பெயரும் எழுதப்படவில்லை. கடைசியில், பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, “ஒரு வாச்சர் செத்தாரு. அப்பதான் சாப்பாட்டுப் பொதிய அவிழ்த்தாரு” என்றாள். அந்த மனிதருடைய பெயரைப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்பதல்ல; படம் அவருக்குப் பெயரே வைக்கவில்லை. தோட்டத்தில் இரவுக்காவலுக்குப் போகிற வாச்சர்மாரின் பிள்ளைகள் இருவர் அந்த அறையில் இருந்தார்கள். ‘வாச்சர்’ என்று தாளில் எழுதி, அதற்குக் கீழே ‘சாப்பாட்டுப் பொதி’ என்றும் எழுதச் சொன்னேன். அதன் பிறகு வந்த பேச்சு முன்பிருந்ததைப்போல இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை நான் ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்திலிருந்து கற்றுக்கொண்டேன். காயீனுக்கும் ஒரு காயம் இருந்தது. அவனுடைய காணிக்கை அங்கீகரிக்கப்படவில்லை, அவன் முகநாடி வேறுபட்டது. கொலைக்கு முன்பே தேவன் அந்தக் காயத்தைப் பற்றி அவனிடம் பேசினார், எச்சரித்தார். ஆனால் கொலைக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?” என்பதுதான். செத்தவனை அவர் பெயர் சொல்லிக் கேட்கிறார். அதே அதிகாரத்தில், காயீனை எவனும் கொன்றுபோடாதபடிக்கு அவன்மேல் ஓர் அடையாளத்தையும் போடுகிறார். இரக்கமும் கணக்குக் கேட்பதும் அங்கே ஒன்றையொன்று தள்ளிவிடாமல் சேர்ந்தே நிற்பதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது, காரணத்தையும் சாக்கையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவது. நடைமுறையில் இதைச் செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. “அவனுக்கு என்ன நடந்தது?” என்பதை ஒரு வாக்கியமாகவும், “அவன் என்ன செய்தான்?” என்பதை இன்னொரு வாக்கியமாகவும் பிள்ளைகள் எழுதட்டும், இரண்டுக்கும் நடுவே ‘ஆகையால்’ என்ற சொல்லை மட்டும் போடக்கூடாது. “அவனுடைய தகப்பனைக் கொன்றார்கள். அவன் ஒரு வாச்சரைக் கொன்றான்.” ‘ஆகையால்’ இல்லாமல் படித்தால் இரண்டாவது வாக்கியத்தின் பாரம் தெரியும். ஏதேனில் ஆதாம் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: ஸ்திரீ கனியைக் கொடுத்தாள், நான் புசித்தேன் என்றான். அது பொய்யல்ல, நடந்ததைத்தான் சொன்னான். தேவனும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனாலும் உண்மையான அந்தக் காரணம் அவனுடைய பங்கை அழித்துவிடவில்லை. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் சொல்வதும் இதற்காகத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சூழ்நிலைக்குக் கணக்கில் இடமே இல்லை என்று போதித்துவிடாதீர்கள். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில், எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள், அறியாமல் செய்தவனுக்குச் சில அடிகள் என்று இயேசுவே வித்தியாசம் காட்டுகிறார். பாரம் குறையலாம், கூடலாம், கணக்கு இல்லாமற்போவதில்லை. அநியாயம் பட்டவன் அநியாயம் செய்தே தீரவேண்டும் என்பதும் இல்லை என்பதற்கு யோசேப்பு இருக்கிறான். குழியில் போட்டு விற்றுவிட்ட சகோதரர்கள் தானியத்துக்காக அவனுக்கு முன்னால் வந்து நின்றபோது பழிவாங்க அவனுக்குக் காரணமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்பதை அவன் பிற்பாடு மறைக்காமல் சொன்னான், சொல்லிவிட்டு அவர்களுக்குச் சோறும் போட்டான்.

சற்று வளர்ந்த பிள்ளைகளோடு, படம் எப்படி நம்மை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது என்பதையும் பேசலாம். யாருடைய முகம் கிட்டத்தில் காட்டப்படுகிறது, யாருடைய அழுகைக்கு இசை வருகிறது, யார் செத்த பிறகு காட்சி சட்டென்று மாறிவிடுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வில்லனுக்கு மட்டுமல்லாமல், இருபது பேரை வெட்டிச் சாய்க்கிற கதாநாயகனுக்கும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். கதையைக் கொண்டு மனச்சாட்சியைத் தூங்கவைக்க முடிவதைப்போல எழுப்பவும் முடியும். போர்ச்சேவகன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் சாகடித்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி போய், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த ஐசுவரியவானுடைய கதையைச் சொன்னான். தாவீது கோபத்தால் கொதித்தபோது, “நீயே அந்த மனுஷன்” என்றான். தாவீது நமக்குப் பிரியமான ராஜா, சங்கீதம் பாடினவன், அழுது மனந்திரும்பினவன். ஆனாலும் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரலாற்றில் சாலொமோனின் தாயைக் குறிப்பிடும்போது, ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. மன்னிக்கப்பட்ட ராஜாவின் வம்சத்தில், கொல்லப்பட்ட போர்ச்சேவகனுடைய பெயர் அழிக்கப்படாமல் நிற்கிறது. எனக்கு வேதத்தில் மிகவும் ஆறுதலான இடங்களில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் இவ்வளவு கவலையோடு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு பிள்ளை கதவோரத்தில் நின்று, “எங்க அப்பாவும் பாவந்தானே டீச்சர், வேலை செஞ்ச களைப்புலதான குடிச்சிட்டு அடிக்கிறாரு” என்று மெதுவாகக் கேட்டாள். திரையில் கற்றுக்கொண்ட நியாயத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் அவசரப்பட்டுத் தகப்பனைத் திட்டாதீர்கள், அவருக்காக வாதாடவும் வேண்டாம். “ஓம், அப்பா பாவம். அவர் அடிப்பதும் பாவம். அடிபடுவது உன் தப்பு இல்லை” என்று, அந்த ஒரே சொல்லின் இரண்டு பொருளையும் அவளுக்குச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும்.

கடைசியாக, படத்தின் முடிவைப் பற்றி. பெரும்பாலான படங்களில் வில்லன் யாரையாவது காப்பாற்றி வீரமாகச் செத்துப்போகிறான், அதோடு எல்லாக் கடனும் தீர்ந்ததாகிவிடுகிறது. மனந்திரும்புதல் அப்படிப்பட்டதல்ல. சிலுவையில் தொங்கின கள்ளன், “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்” என்று தன் வாயாலேயே சொன்னான். அதற்குப் பிறகுதான் பரதீசைப் பற்றிய வாக்கைக் கேட்டான். சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஆகவே நான் பிள்ளைகளிடம், வில்லன் சாகாமல் உயிரோடிருந்து, அந்த வாச்சருடைய வீட்டுக்குப் போவதாக ஒரு கடைசிக் காட்சியை எழுதச் சொல்வதுண்டு. எழுதுவதற்கு ஒரு வாரம் கொடுங்கள், நீங்கள் ஒரு வரியும் சொல்லிக்கொடுக்காதீர்கள். “வேற வழியே இல்ல” என்று சொன்ன அதே பையன், லயத்துக் கதவைத் திறந்து வாச்சருடைய மனைவி, “யாரு தம்பி, என்ன வேணும்?” என்று கேட்பதுவரை எழுதிவிட்டு, அதற்குக் கீழே தாளை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்தான். நான் அதில் ஒன்றும் எழுதாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.