வியர்வை காய்ந்த பிறகு சார்ஜர்

எங்கள் வீட்டில் இரண்டு ஸ்மார்ட்வாட்ச். என்னுடையது கார்மின் போர்ரன்னர். முதுகில் ஒரு சின்னக் குழி, அதற்குள் ‘பின்’ (pin) என்று சொல்லும் நான்கு உலோகப் பொட்டுகள்; கேபிளை அதில் செருகவேண்டும். என் வீட்டுக்காரருடையது சாம்சங் கேலக்ஸி. வட்டத் தட்டின் மேல் வைத்தால் போதும், சார்ஜ் ஏறும். காலையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டு இருவரும் ஒன்றாகத்தான் வீடு திரும்புவோம். அவர் வாட்சைக் கழற்றி, பனியனில் ஒரு துடை துடைத்து, தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். நான் அப்படிச் செய்யமாட்டேன். ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

இதற்கு முன் என்னிடம் இருந்த வாட்சும் இதே மாதிரி ‘பின்’ உள்ளதுதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, தப்பில் பாதிக்கு மேல் என்னுடையது. ஓடி முடித்ததும் ஈரத்தோடு கேபிளை மாட்டுவது என் பழக்கம். எட்டாவது மாதம் சார்ஜ் விட்டுவிட்டு ஏற ஆரம்பித்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தங்க நிறத்தில் இருந்த பொட்டுகளில் ஒன்று கறுத்திருந்தது, அதன் ஓரத்தில் செம்புச் சொம்பில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. "புளி போட்டுத் தேய்ச்சுப் பாரேன்" என்றார் அம்மா. தேய்க்கவில்லை. ஆனால் வாட்சும் பிழைக்கவில்லை.

நடந்தது இதுதான். வியர்வை உப்புத் தண்ணீர், மின்சாரம் அதில் பாயும். கேபிளை மாட்டியதும் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பொட்டுகளுக்கு நடுவே 5 வோல்ட் நிற்கிறது. இடையில் உப்பு ஈரம் இருந்தால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த மின்னாற்பகுப்புதான். நேர்முனைப் பொட்டின் மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அடியில் உள்ள செம்பு வெளியே தெரியும், களிம்பு பிடிக்கும். சும்மா கையில் கட்டியிருக்கும்போது உப்பு பட்டால் அவ்வளவு சேதம் இல்லை. ஈரத்தோடு சார்ஜ் போடுவதுதான் கெடுக்கிறது.

அதனால் பின் வாட்ச் வைத்திருப்பவர்கள் செய்யவேண்டியது: வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் குழாயடியில் காட்டி நல்ல தண்ணீரில் அலசுங்கள். சார்ஜ் குழிக்குள் தண்ணீர் போய் உப்பை அடித்துக்கொண்டு வரவேண்டும். நீச்சலுக்குத் தாங்கும் வாட்சுக்கு இது ஒன்றுமில்லை. பருத்தித் துணியால் துடைத்து, குழி கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் நான்கு தட்டு தட்டுங்கள். அப்புறம் மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம். நான் குளித்து, இட்லி சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்பத் தயாரான பிறகுதான் கேபிளைத் தொடுவேன். கேபிளின் தலையையும் பாருங்கள், ஈரக் கையால் தொட்டுத் தொட்டு அதிலும் அழுக்கு சேரும்.

வாரம் ஒருமுறை பழைய, மெத்தென்ற டூத்பிரஷ். கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷை லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் தேய்த்தால் போதும். ஊக்கு, ஊசி, உப்புத்தாள் எதுவும் கிட்டே வரக்கூடாது. மேல்பூச்சு போனால் களிம்புக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அம்மாவின் புளிக்கும் இதே பதில்தான். குழியை மூடுவதற்குச் சின்ன சிலிக்கான் மூடிகள் விற்கிறார்கள். தூசி போகாது. ஆனால் உள்ளே ஈரம் இருக்கும்போது மூடினால் அந்த ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும்.

சரி, கம்பியில்லாச் சார்ஜருக்கு வருவோம். அதற்கும் கம்பி உண்டு, சுவரிலிருந்து தட்டு வரை. இல்லாதது கடைசி ஒரு மில்லிமீட்டரில் மட்டும்தான். தட்டுக்குள் ஒரு சுருள், வாட்சின் முதுகுக்குள் ஒரு சுருள்; ஒன்றில் மாறிமாறி ஓடும் மின்சாரம் காந்தப்புலம் வழியாக மற்றதில் மின்சாரத்தை எழுப்புகிறது. வெளியே உலோகமே தெரியாததால் களிம்புப் பேச்சுக்கே இடமில்லை. 2015-இல் வந்த முதல் ஆப்பிள் வாட்சிலிருந்தே அந்தக் கம்பெனி இப்படித்தான் செய்கிறது.

இதற்கு எதிரி சூடு. சுருளிலிருந்து சுருளுக்குத் தாவும்போது ஒரு பங்கு மின்சாரம் சூடாகப் போய்விடும். வாட்ச் நடுவில் உட்காராமல் கொஞ்சம் நகர்ந்தால் இன்னும் அதிகம். என் வீட்டுக்காரர் ஒரு கலியாணத்துக்காக இரும்புச் சங்கிலி ஸ்ட்ராப் போட்டார். அது வளைந்து நின்று வாட்சைத் தட்டிலிருந்து நெம்பிக்கொண்டே இருந்தது. மே மாதம், ஜன்னல் திண்டு, பத்து மணி வெயில். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் கை சுடுகிறது, சார்ஜ் பாதிகூட ஏறவில்லை. சூடு ஏறினால் வாட்சே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் நிறுத்தியும் விடும். லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறைவதும் சூட்டில்தான், முக்கியமாக நிறைந்த நிலையில் சூடாக இருந்தால். ஆகவே தட்டை மேசை மேல் நிழலில் வையுங்கள், மெத்தை மேல் வேண்டாம். ஸ்ட்ராப்பை முழுதாகத் திறந்து விரித்து வையுங்கள். வைத்ததும் ஒரு நிமிடம் நின்று எண் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

இன்னொன்று, எல்லாத் தட்டும் எல்லா வாட்சுக்கும் சேராது. போனுக்கு வாங்கிய சாதாரண ‘சீ’ (Qi என்ற பொதுத் தரம்) தட்டில் ஆப்பிள் வாட்சை வைத்தால் ஒன்றும் நடக்காது. பின் கேபிளிலும் இந்தத் தொல்லை உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கார்மினில் மட்டும் எனக்கு ஒரு வசதி: 2017-இல் வந்த பீனிக்ஸ் 5 முதல் அந்த நான்கு பின் கேபிளே பல மாடல்களுக்கும் பொருந்துகிறது. கேபிளை மறந்துவிட்டுப் போனாலும் ஓட்டக் குழுவில் யாரிடமாவது இருக்கும். என் வீட்டுக்காரர் சாம்சங் போனைக் குப்புறப் போட்டு அதன் முதுகில் வாட்சை வைத்து ஏற்றிக்கொள்கிறார். அதைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பின் என்றால் பழசு என்றும் நினைக்கவேண்டாம். கூகுள் 2022-இல் முதல் பிக்சல் வாட்சைக் கம்பியில்லாமல் விட்டது, அடுத்த வருடமே இரண்டாவதில் பின்னுக்கு மாறியது. வேகமாக ஏறும் என்பதற்காக. வேகம் வேண்டுமென்று 67 வாட் போன் அடாப்டரை மாட்டுவதில் பலன் இல்லை. வாட்ச் பேட்டரி பெரும்பாலும் சில நூறு மில்லிஆம்பியர் மணிதான். தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குட்டிப் பசி ஒருமுறை என்னைக் கவிழ்த்தது. கோவையில் அரை மாரத்தான், சேரன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த். வாட்சைப் பவர் பேங்கில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். நாலரைக்கு விழித்தால் 14 சதவீதம். பல பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைந்தால் வேலை முடிந்தது என்று தாமாக அணைந்துவிடும். சிலவற்றில் பட்டனை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட முறை வரும். உங்களுடையதில் எப்படி என்று கையேட்டில் பாருங்கள். அது இல்லாவிட்டால் போனையும் கூடவே மாட்டுங்கள், பவர் பேங்க் விழித்திருக்கும்.

வாங்கப்போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது: தினமும் குளிக்கும் நேரத்தில் ஏற்றிக்கொள்ள முடியும், ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கம்பியில்லாததே நிம்மதி. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்கள், மலையேறுபவர்கள் பின் வைத்ததை வாங்குங்கள். பையில் கிடந்து ஆடினாலும் செருகிய கேபிள் லேசில் கழறாது, தட்டு நகர்ந்துவிடும். என் வாட்சில் ஓட்டப் பதிவு நிற்காமலே சார்ஜ் ஏறும். குழி முதுகில் இருப்பதால் கையில் கட்டமுடியாது, முதுகுப்பையில் போட்டுக்கொள்ளவேண்டும்; அந்த நேரம் இதயத் துடிப்புக்கு மார்புப் பட்டைதான். உங்கள் வாட்சிலும் பதிவு நிற்காமல் இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சுற்றி நடந்து சோதித்துவிடுங்கள். பந்தயத்தன்று சோதிக்கவேண்டாம்.