வன்னியில் வழக்குப் பேசும் அம்மாக்களுக்கு

கொழும்பில் 1879இலிருந்து இயங்கும் ஜூலியஸ் அன்ட் கிறீசி போன்ற பெரிய சட்ட நிறுவனங்களில் ஒரு பெண் சட்டத்தரணிக்குப் பிள்ளை பிறந்தால், அவளுடைய வழக்குக் கோப்பை எடுத்து நடத்த அதே கட்டடத்தில் ஆள் இருக்கும். சம்பளத்துக்கு வேலை செய்பவளுக்கு 84 நாள் பிரசவ விடுமுறையும் சட்டப்படி உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதேதான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தனியாகத் தொழில் செய்கிற எங்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. அதனால் புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு வருகிற தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது: நம்பிக்கையான இன்னொரு சட்டத்தரணியை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகு தேடினால் பிந்திவிடும். அதற்கு முன்பே, அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய வழக்குக்கு நீங்கள் போய் நில்லுங்கள். காசுக் கதையையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். அன்றைக்கு மன்றில் நிற்பவருக்கே அன்றைய கட்டணம் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சிவில் வழக்கில் பிரொக்சி, அதாவது கட்சிக்காரர் உங்களைத் தன் சட்டத்தரணியாக நியமிக்கும் பத்திரம், உங்கள் பெயரில் இருக்கும். உங்கள் அறிவுறுத்தலில் மற்றவர் தோன்றலாம், ஆனால் பத்திரங்களில் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். பிரசவத்தை அண்டித் தீர்ப்புத் தவணை (தீர்ப்புச் சொல்லும் திகதி) வந்தால் மிகவும் கவனம். மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் கையெழுத்து வைக்கலாம். ஆனால் அந்த அறிவித்தலை யார் எழுதிக் கொண்டுவருவது, யார் போய்த் தாக்கல் செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் விடக் கடினமானது கட்சிக்காரர் மனம். தாபரிப்பு வழக்குக்கு, கணவரிடம் பராமரிப்புச் செலவு கேட்டு, வருகிற பெண் தன் தாயிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருப்பாள். ஒரு காலை திடீரென்று வேறொரு முகம் வந்து நின்றால் அவள் ஒடுங்கிப் போவாள். கூண்டில் ஏறி வாய் திறக்கவும் மாட்டாள். ஏழாம் மாதத்திலேயே அவளையும் உங்களுக்குப் பதிலாக நிற்கப்போகிற தோழியையும் ஒன்றாக இருத்திப் பேசுங்கள். கதையை அவளே மறுபடி சொல்லட்டும், இடையில் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அடுத்த தவணைத் திகதியை ஒரு துண்டில் எழுதி, தோழியின் போன் நம்பரோடு கையில் கொடுங்கள். "மிஸ் வராட்டி வழக்கு என்னாகும்?" என்று அவள் கேட்டால், அவசரப்படாமல் இருந்து பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பிள்ளைகளின் சாப்பாடு இருக்கிறது.

அப்புறம் தவணை. மன்றில் திகதி கேட்கும்போது டயறியில் வீடும் இருக்க வேண்டும்: தடுப்பூசி நாள், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம், கணவரின் இரவு வேலை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு ஓட்டம். அங்கே விளக்கம், அதாவது சாட்சி விசாரணை, இருக்கிற நாளில் கிளிநொச்சியில் இன்னொரு விளக்கம் எடுக்காதீர்கள். தை, மாசி அறுவடையில் கட்சிக்காரருக்கும் வயலை விட்டு வர மனம் இருக்காது. அவர்களையும் கேட்டுவிட்டுத் தள்ளித் திகதி வாங்கலாம்.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு வேலையும் செய்கிறீர்கள் என்றால், முந்தின மாத உறுதிகளின் பட்டியல் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். கைக்குழந்தை இருக்கும்போது அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

பிள்ளையைப் பார்க்க அம்மம்மா இருக்கிறாரே என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. போர் அந்த உறவுகளைப் பறித்த வீடுகள் இங்கே நிறைய. பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுவதென்றால் மாதச் சம்பளம் பேசி, திகதி தவறாமல் கொடுங்கள். அம்மம்மா இருந்தாலும் அவருடைய கிளினிக் நாளில் நீங்கள் வீட்டில் நில்லுங்கள். காலையில் பிள்ளையை வெளிக்கிடுத்துவது கணவரின் பொறுப்பாகவே இருக்கட்டும். நீங்கள் ஒன்பதரைக்கு மன்றில் நிற்க வேண்டும்.

பால் கொடுக்கிற மாதங்களில், மன்று கூடுமுன்பே பதிவாளரிடம் போய் ஒரு மூடிய அறை கேளுங்கள். உங்கள் வழக்கை முன்னுக்கு எடுக்கும்படி நீதவானிடம் எழுந்து கேட்கவும் தயங்காதீர்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.