குமுளிக் கடைக்கு ஒரு பார்கோடு ஸ்கேனர்: வாங்குவது முதல் பில் போடுவது வரை

குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் கடை என்றால் சரக்கு இரண்டு வகை. கம்பம் ஊரிலிருந்து வரும் பிஸ்கட், சோப்பில் பார்கோடு இருக்கும். நாமே கட்டும் ஏலக்காய் பாக்கெட்டில் இருக்காது. இரண்டுக்கும் ஒரே ஸ்கேனர் போதும்.

படி 1: எதை வாங்குவது?

"லேசரா, டூ-டியா?" என்று விற்பவர் கேட்பார். லேசர், சிவப்பு ஒளியைக் கோடுகளின் மேல் ஓட்டித் திரும்பி வரும் வெளிச்சத்தைப் படிக்கும். க்யூஆர் கோடு அதற்குப் புரியாது. டூ-டி ஸ்கேனருக்குள் சின்ன கேமரா இருப்பதால் இரண்டையும் படிக்கும், ஃபோன் திரையில் காட்டினாலும் படிக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் டூ-டியே வாங்குங்கள்.

படி 2: வயரா, வயர்லெஸ்ஸா?

கல்லாவில் மட்டும் வேலை என்றால் வயர் போதும். சார்ஜ் போடும் தொல்லை இல்லை. குடோனில் மூட்டை எண்ண வேண்டுமானால் வயர்லெஸ். அதனோடு வரும் சின்ன யூஎஸ்பி துண்டுதான் டாங்கிள். பெரும்பாலான டாங்கிள்களும் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. வைஃபை ரவுட்டரும் அதே வரிசையைப் பயன்படுத்துகிறது. ஸ்கேன் விட்டுவிட்டு வந்தால் பில் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டினால் சீக்கிரம் பலம் இழக்கும். யூஎஸ்பி 3 போர்ட்டும் 2.4 வரிசையில் இரைச்சல் கிளப்பும். டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் சற்றுத் தள்ளிச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

குடோனுக்கு வைஃபை எட்டவில்லையா? ரவுட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து அங்கே அக்சஸ் பாயின்ட் (வயர் வழி வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டருக்கு வயர் வேண்டாம், ஆனால் வேகம் குறையும்.

படி 3: நோட்பேடில் சோதனை

நோட்பேடைத் திறந்து ஒரு சோப்பை ஸ்கேன் செய்யுங்கள். எண் வந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கையேட்டில் 'என்டர்' என்று போட்டிருக்கும் கோடை ஒரு முறை ஸ்கேன் செய்தால் போதும். ஸ்கேனரின் அமைப்புகள் பெரும்பாலும் இப்படிக் கோடுகளால்தான் மாறும்.

கணினிக்கு ஸ்கேனர் ஒரு கீபோர்டுதான். வாடிக்கையாளர் பெயரை மலையாளத்திலோ தமிழிலோ அடித்துவிட்டு அப்படியே ஸ்கேன் செய்தால், எழுத்துள்ள கோடுகள் கன்னாபின்னாவென்று விழும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுமுன் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், கேப்ஸ் லாக்கையும் பாருங்கள்.

எக்செலில் ஏற்றுகிறவர்கள் எண் விழும் நெடுவரிசையை (காலம்) முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் 13 இலக்கமும் 8.90E+12 என்று சுருங்கி நிற்கும்.

படி 4: அந்த 13 இலக்கம்

பாக்கெட்டில் இருப்பது இஏஎன்-13 என்ற 13 இலக்கப் பார்கோடு. 890 என்று தொடங்கினால், எண்ணைக் கொடுத்தது பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா. சரக்கு இந்தியாவில் செய்தது என்பதற்கு அது சாட்சியில்லை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 890123456789 என்ற எண்ணில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்கள் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எதுவும் சேர்க்க வேண்டாம், ஆகவே கடைசி இலக்கம் 0. ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் இந்தக் கணக்கு உதைக்கும், ஸ்கேனர் ஏற்காது.

படி 5: நம் ஏலக்காய்க்கு

20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 100 கிராமுக்கு ஒன்று, 250க்கு ஒன்று என்று பில் மென்பொருளில் உருவாக்கிக்கொள்ளலாம். வெளியூர் சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு அனுப்புவதென்றால் ஜிஎஸ்1 எண் வாங்கித்தான் ஆக வேண்டும்.

லேபிளில் கோடுகளுக்கு இருபுறமும் வெற்றிடம் விடுங்கள். ஓரம் ஒட்டி வெட்டினால் படிக்காது. அழகுக்காகச் சிவப்பில் அடிக்காதீர்கள், சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகத்தான் தெரியும். ரிப்பன் (மை நாடா) இல்லாமல் சூட்டால் மட்டும் அடிக்கும் தெர்மல் லேபிள் வெயிலில் மங்கும். வாசலில் தொங்கவிடும் பாக்கெட்டுகளுக்கு ரிப்பன் வைத்த பிரின்டரில் அடியுங்கள்.