இத்தாலிய நடிகை அன்னா மன்யானியை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதலில் இயக்குநர் ரோபெர்ட்டோ ரொஸெல்லினியின் 'ரோம், திறந்த நகரம்' (1945). ஜெர்மன் படையினர் மன்யானி மணக்கவிருக்கும் ஆளை லாரியில் ஏற்றிப் போவார்கள். கையை நீட்டி, பெயரைச் சொல்லிக் கத்தியபடி பின்னால் ஓடுவார். குண்டு பட்டு நடுத்தெருவில் விழுவார். அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். நடிப்பு என்றே தோன்றாது. டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் போதும். அந்தக் குரலை விட்டால் பாதி போய்விடும்.

காதல் கதைக்கு அப்புறம் வாருங்கள். ரொஸெல்லினியும் இவரும் காதலர்கள். ரொஸெல்லினி நடிகை இங்கிரிட் பெர்க்மனிடம் போய், 1949-இல் ஸ்ட்ராம்போலி தீவில் அவரை வைத்துப் படம் எடுத்தார். அதே சமயம் மன்யானி அருகிலிருந்த வுல்கானோ தீவில் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஆனால் இவரைக் கைவிடப்பட்டவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1973-இல் இவர் இறக்கும்போது அருகில் இருந்தது ரொஸெல்லினிதான்.

'தி ரோஸ் டாட்டூ' (1955) ஆஸ்கர் வாங்கித் தந்தது. சரி, நல்ல படம்தான், ஆனால் ஆங்கிலப் படம். அதற்கு முன் 'பெல்லிசிமா' (1951) பார்த்துவிடுங்கள். மகளை நடிகையாக்கத் துடிக்கும் தாய் வேடம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இயக்குநர் பசோலினியின் 'மம்மா ரோமா'வை (1962) கடைசிக்கு வையுங்கள்.