ஜெர்மன்காரன் தலையில் துண்டு: சின்னப் பொம்மைகளைக் கெரில்லாக்களாக மாற்றும்போது நடக்கும் தவறுகள்

நான் முதன்முதலாக மாற்றிய பன்னிரண்டு பொம்மைகளும் இன்னும் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் காலாட்படை, 1/72 அளவு, அதாவது நிஜ ஆளின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஹெல்மெட்டைச் சீவிவிட்டு, எம்-சீலில் தலைப்பாகை சுற்றி, காக்கி பெயின்ட் அடித்து, 1980-களில் சோவியத் படையோடு மோதிய ஆப்கன் முஜாஹிதீன் போராளிகள் என்று மேசையில் அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பொம்மைகளை வைத்துப் பகடை உருட்டிப் போர் விளையாட்டு ஆட வந்த தம்பி ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஜெர்மன்காரன் துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்?" என்றான். சொன்னது சரிதான். கெண்டைக்காலை மூடிய பூட்ஸ், இடுப்பில் தோட்டாப் பைகள், முதுகுப் பக்கம் கேஸ் மாஸ்க் உருளை. தலை மட்டும்தான் ஆப்கானிஸ்தானுக்குப் போயிருந்தது.

இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் முதலில் தலையைத்தான் மாற்றுகிறோம், அங்கேயே நிறுத்தியும் விடுகிறோம். சீருடை இல்லாத போராளி என்பவன் வீட்டில் உடுத்தியிருந்ததோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அதனால் தலைக்கு முன்னால் காலைப் பாருங்கள். பூட்ஸின் மேல் விளிம்பைப் பிளேடால் சீவிவிட்டு, அதன்மேல் எம்-சீல் புட்டியைத் தேய்த்துத் தொளதொள கால்சட்டையாக்க வேண்டும். சட்டை ஓரத்தை முழங்கால் வரை இறக்கினால் பாதி ஆப்கன் ஆகிவிடுவான். கேஸ் மாஸ்க் உருளையும் ரொட்டிப் பையும் கட்டாயம் போக வேண்டும். தோட்டாப் பைகளைச் சீவிய இடத்தில் சீன டைப் 56 நெஞ்சுப் பை வைக்கலாம். நடுவில் ஏகே-47 துப்பாக்கியின் மேகசின் (தோட்டாக் கூடு) போடும் நீளப் பைகள் மூன்று, பக்கத்துக்கு இரண்டாகச் சின்னப் பைகள். வியட்நாம் தொடங்கி ஆப்கானிஸ்தான், ஆப்பிரிக்கா வரை போன சரக்கு அது.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரியாஸ்பத்திரிப் பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் 11 நம்பர் பிளேடு கேளுங்கள். மழுங்கின பிளேடு பிளாஸ்டிக்கை வெட்டாது, பிய்க்கும். கூடவே விரலையும்.

நமக்கு ஒரு வசதி உண்டு, அதை நாமே கண்டுகொள்வதில்லை: கைலி. ஏமன் போராளி இடுப்பில் சுற்றுவதும், சோமாலியாக்காரர்கள் 'மாவீஸ்' என்று சொல்வதும் நம் கைலிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். வெளிநாட்டுப் பொம்மைகளில் அது பெரும்பாலும் பாவாடை மாதிரி இருக்கும், ஏனென்றால் செதுக்கினவர் கைலி கட்டிப் பார்த்ததில்லை. நாம் அதைச் சரியாகச் செய்ய முடியும். ஆனால் நானே இதில் இரண்டு முறை கோட்டை விட்டேன்.

முதல் தடவை, கால் அகட்டி ஓடுகிற பொம்மைக்குக் கைலி கட்டினேன். கைலியோடு அப்படி ஓட முடியுமா? தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழியும். பாதங்கள் நெருங்கி நிற்கிற, அல்லது மெல்ல நடக்கிற பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை, மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களை நன்றாகக் கவனித்துவிட்டு வந்து, அழகாக மடித்துக் கட்டிவிட்டேன். கையில் ஏகே, பார்த்தால் மதுரைக்காரன். ஏமனில் கைலி முழங்காலுக்குக் கீழே தொங்கும், மேலே அகலமான பெல்ட், முன்பக்கம் வளைந்த ஜம்பியா கத்தி. மார்க்கெட்டில் பார்க்க வேண்டியது துணி எங்கே சுருங்குகிறது, எங்கே விறைக்கிறது என்பதை. கட்டும் முறையை அந்த நாட்டுப் படங்களைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கைலியைப் புட்டியில் செய்யாதீர்கள், தடித்துப்போகும். ஹோட்டலில் கை துடைக்கத் தரும் டிஷ்யூவில் ஒரு அடுக்கைப் பிரித்து எடுங்கள். 20 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம் போதும். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் பொம்மையின் இடுப்பில் தடவி, காகிதத்தைச் சுற்றி, ஈர ஊசியால் முன்பக்க மடிப்பை அழுத்த வேண்டும். காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு. கட்டத்தை எண்ணி எண்ணிப் போட ஆசை வரும், விட்டுவிடுங்கள். நிஜக் கைலியின் 2 செ.மீ. கட்டம் இந்த அளவில் 0.3 மி.மீ. கூட வராது. நெடுக்கில் நாலு கோடு, குறுக்கில் மூன்று. கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

அடுத்தது நிற்கும் விதம். எல்லோரையும் இடுப்பிலிருந்து சுடுகிற மாதிரி வைத்தால் சினிமா. பாதி நேரம் இவர்கள் காத்திருப்பவர்கள், சுவரில் சாய்ந்தோ குத்தவைத்தோ. குதிகால் தரையில் பதியக் குத்தவைத்து உட்காருகிற பொம்மை கடையில் வாங்கும் எந்தப் பொம்மைப் பெட்டியிலும் லேசில் கிடைக்காது. மண்டியிட்டுச் சுடுகிறவனை முழங்காலில் வெட்டித் திருப்பி ஒட்டினால் கிடைத்துவிடும்.

துப்பாக்கியில் முதல் தவறு அளவு. 1/72-ல் ஆள் உயரம் சுமார் 24 மி.மீ. ஏகே-47 நிஜத்தில் 88 செ.மீ. இருக்கும், அப்படியானால் பொம்மையின் கையில் 12 மி.மீ. இருக்க வேண்டும். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குழலான ஆர்பிஜி-7 சுமார் 13 மி.மீ. இதைவிடப் பெரிய 28 மி.மீ. பொம்மையின் துப்பாக்கியை எடுத்து இதில் ஒட்டினால், ஆள் விளக்குக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். ஜெர்மன் பெட்டியிலேயே வளைந்த மேகசின் உள்ள எஸ்டிஜி-44 என்ற ஜெர்மன் துப்பாக்கி இருந்தால் அதைக் கொஞ்சம் சீவினால் போதும், மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது ஏகேதான்.

இரண்டாவது தவறு காலம். ஆர்பிஜி-7 சோவியத் படையில் 1961-ல் சேர்ந்தது, ஏகே-74 பெயருக்கேற்ப 1974-ல். விமானங்களைத் தோளிலிருந்து சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை ஆப்கானிஸ்தானில் முதலில் சுடப்பட்டது 1986 செப்டம்பரில். 1980-ல் நடக்கிற சண்டையில் தோளில் ஸ்டிங்கரோடு ஒருவனை நிறுத்தினால் எதிரில் ஆடுகிறவர் சும்மா விடமாட்டார். அந்த முதல் வருடங்களில் முஜாஹிதீன் பலர் கையில் இருந்தது பழைய லீ என்ஃபீல்டு துப்பாக்கி, நம் ஊர்ப் போலீஸ் தோளில் பல வருடம் தொங்கிய அதே .303. இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் பெட்டி இருந்தால் கையோடு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். வியட்காங் (வியட்நாம் போரின் கெரில்லாக்கள்) பொம்மை செய்கிறீர்களா, அவர்கள் காலில் டயர் செருப்பு. கிராமத்தில் தாத்தாக்கள் போட்டதுதான், பார்த்தே வரையலாம்.

இடமும் அப்படித்தான். பக்கோல் என்கிற, ஓரம் சுருட்டிய கம்பளித் தொப்பி ஆப்கானிஸ்தானின் வடக்குக்கும் கிழக்குக்கும் உரியது, கந்தஹார் பக்கம் தலைப்பாகை. ஒரே குழுவில் இரண்டையும் சரிபாதியாகக் கலந்து வைப்பது, ஜல்லிக்கட்டு வாடிவாசலில் பாதிப்பேருக்கு ராஜஸ்தான் தலைப்பாகை கட்டிவிடுகிற மாதிரி.

ஒட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. வளைகிற மென்பிளாஸ்டிக் பொம்மைகள் பாலிஎத்திலீன். ஃபெவிக்விக் அதில் நிலையாகப் பிடிக்காது. எந்தக் கம்பெனிப் பசையானாலும் கதை இதுதான், பிளாஸ்டிக்கின் குணம் அது. குண்டூசியைச் சூடாக்கிக் கழுத்தில் இறக்கி, மிஞ்சிய நுனியில் தலையைக் குத்திவிடுங்கள். பெயின்டுக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவி, மெல்லிய ஃபெவிகால் பூச்சு ஒன்று கொடுத்தால் துப்பாக்கிக் குழல் வளையும்போது பெயின்ட் உரியாது. எம்-சீலை மிளகு அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் பிசையாதீர்கள். மதுரை வெயிலில் நாலாவது தலைப்பாகைக்குப் போவதற்குள் கல்லாகிவிடும். காய்ந்ததைத் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள்.

வெயில் என்றதும் ஸ்பிரே பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஞாபகம் வருகிறது. சித்திரை மதியத்தில் மொட்டைமாடியில் அடித்தால் மருந்து காற்றிலேயே காய்ந்து, பொம்மைமேல் ரவை தூவின மாதிரி விழும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நிறத்தில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. சிலர் எல்லோருக்கும் ஒரே மண் நிறம் அடித்துப் புதிதாக ஒரு சீருடையே தைத்துவிடுகிறார்கள். சிலர் ஆளுக்கொரு பளீர் நிறம் கொடுத்துத் திருவிழாக் கூட்டமாக்குகிறார்கள். நான் ஆறே நிறங்களை எடுத்துக்கொண்டு, சட்டைக்கும் கால்சட்டைக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். பத்துப் பேருக்கு ஒருவனுக்கு மட்டும் சிவப்பு ஃபுட்பால் பனியன். முகத்துக்கு விளாச்சேரி போய்க் கொலுப் பொம்மை செய்கிறவர்களைப் பார்த்துவிட்டு வரலாம், தூரத்தில் தெரிய வேண்டியதை அழுத்திச் சொல்வது அவர்கள் தூரிகைக்குப் பழக்கம்.

ஈழத்துப் பொம்மைகள் செய்வீர்களா என்று கேட்பார்கள். செய்வதில்லை. அந்தச் சண்டையில் ஆள் இழந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்கள் உட்காரக்கூடிய மேசையில் பகடை உருட்ட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக வண்டி. பிக்கப் வண்டியின் பின்னால் கனரகத் துப்பாக்கி ஏற்றாமல் இந்தப் படைகள் முடிவதில்லை. 1987-ல் சாட் நாட்டவர் லிபியப் படைகளை டொயோட்டாக்களில் விரட்டியதால் அந்தப் போருக்கே டொயோட்டா போர் என்று பெயர் வந்துவிட்டது. லேண்ட் குரூசர் 70 வரிசை வந்தது 1984-ல், அதை 1975 பெய்ரூட்டில் நிறுத்தாதீர்கள். 1/72-ல் வண்டி 7 செ.மீ. நீளத்தை ஒட்டி வரும். பொம்மைக் கடை டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) வண்டிகளின் பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பின்னால் ஏறுகிற ஆட்களின் காலடித் தட்டை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு பலகையில் நின்று சவாரி செய்வார்கள். என் முதல் வண்டியில் இதெல்லாம் சரியாக வந்தது. துரு, புழுதி, குண்டுத் துளை எல்லாம் வைத்தேன். அதே தம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "அண்ணே, சாட்ல ஸ்டியரிங் இடது பக்கம்ல?"